நல்ல கண்ணாடிகளை ஒதுக்கியவள்

1.

இந்தக் கதை ஒரு கண் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. என் கண்ணில் பாவையை விரிக்கும் சொட்டுமருந்து விட்டிருந்தார்கள். எதிரே யாரிடமோ தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த பெண்ணின் முகம் எனக்குத் தெரியவில்லை. ஆகவே முகவருணனையை எதிர்பார்க்க வேண்டாம்.

முதல் தொடக்கம்: கண்ணாடித் தொழிற்சாலையில் ஒளி ஒரு நதியைப் போல

(அடித்துவிட்டேன். அங்கே இருந்தவை குழல்விளக்குகள்.)

இரண்டாம் தொடக்கம்: சன்னல் கண்ணாடிகளை விளக்கின்முன் நிறுத்திக் குறை பார்ப்பது அவள் வேலை. குமிழோ கீறலோ புள்ளியோ கண்டால், மெழுகுப் பென்சிலால் பெருக்கல் குறியிட்டு ஒதுக்கிவிடுவாள்.

இது போதும்.

2.

ஒரு திங்கட்கிழமை எல்லாக் கண்ணாடியிலும் கரும்புள்ளிகள். வலக்கண் சற்றுச் சிவந்திருந்தது. தூசி என்று கழுவிக்கொண்டாள். விளக்கைத் துடைத்தாள். உலைக்காரரை வைதாள். ஒதுக்கிய கண்ணாடிகள் சுவரோரம் அடுக்கடுக்காகச் சேர்ந்தன.

"என்னக்கா, கண்ணாடிக்கே அம்மை போட்டுடுச்சா?" என்றாள் பொதி கட்டுபவள்.

"எவ்ளோ புள்ளி பாரு. உனக்கென்ன கண்ணு நொள்ளையா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"அதான் நீ அட்டை கட்டுற, நான் கண்ணாடி பாக்குறேன்."

(இங்கே அவளை ஐயுறுகிறேன். பக்கத்தில் இருப்பவள் புள்ளியே இல்லை என்ற பிறகுமா? ஆனால் பல்லாண்டுகளாகக் கண்ணாடியையே சந்தேகித்துப் பழகிய கண், தன்னைச் சந்தேகிக்க எங்கே கற்கும்?)

அடுத்த வாரம், வலப்பக்கமாக வந்த தள்ளுவண்டி அவளுக்குத் தெரியவே இல்லை. மோதி விழுந்தாள். அதன் பிறகே மருத்துவமனை.

3.

"சின்ன வயசுல அம்மை போட்டிருக்காம்மா?" என்றார் மருத்துவர்.

"யாருக்குத்தான் போடல?"

சின்னம்மை ஆறிய பிறகும் அதன் வைரஸ் நரம்பில் உறங்கிக் கிடக்கும். மிக அரிதாக, விழித்திரையில் எழும். (வைரஸ் உறங்குவதில்லை. வேறு சொல் கிடைக்கவில்லை.) விழித்திரை ஓரத்திலிருந்து வெளுத்து அழியும், பிறகு சல்லடையாகிக் கிழிந்து கழன்றுவிடும். வலக்கண்ணில் அது முடிந்துவிட்டிருந்தது.

"முன்னாடியே வந்திருந்தா?" என்றார் கூட வந்த கணவர்.

மருத்துவர் இடக்கண்ணில் விளக்கை அடித்துப் பார்த்தார். "அடுத்த கண்ணுக்கும் வரலாம். மருந்து ஏத்துறோம். கொஞ்ச மாசம் போனாத்தான் சொல்ல முடியும்."

"அதுவும் போச்சுன்னா, பெருக்கல் போட்டு என்னையும் சுவரோரமா சாத்திடுங்க," என்றாள் கணவரிடம்.

4.

முடிவு ஒன்று: மருந்து கேட்டது. (நான் நம்பவில்லை.)

முடிவு இரண்டு: கேட்கவில்லை. (நம்புகிறேன். அதனாலேயே எழுத வரவில்லை.)

அவள் கடைசியாகச் சொன்னது இது. அன்று காலை, மருத்துவமனைக்குக் கிளம்பும்போது, வீட்டுச் சன்னலைப் பார்த்து நின்றிருக்கிறாள். எஞ்சிய கண்ணுக்கு ஒரு புள்ளி தெரிந்திருக்கிறது. கண்ணை அசைத்தால் தெரிந்துவிடும்: கண்ணாடியில் இருந்தால் புள்ளி அங்கேயே நிற்கும், கண்ணில் இருந்தால் கூடவே வரும்.

"அங்க என்ன பண்ற? நேரமாச்சு," என்றாராம் கணவர்.

"சும்மா இருங்க. கூப்பிடாதீங்க."

இதைச் சொல்லி முடிப்பதற்குள், காத்திருப்பு அறையிலிருந்து அவளை உள்ளே அழைத்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவே. அந்தக் கண்ணை அசைக்கும் வாக்கியத்தை நான் எழுதமாட்டேன். துணிவிருந்தால் நீங்கள் எழுதுங்கள். தொடங்கி மட்டும் தருகிறேன்:

அவள் மெல்ல இடப்பக்கம்