உள்தாழ்ப்பாள்

அறைக்குள் இருந்தவர்கள்: கட்டிலில் களைக்கொல்லி குடித்த பெண், நாற்காலியில் மாஜிஸ்திரேட் அம்மா, சுவரோரம் டாக்டர், சலைன் பாட்டிலருகே நர்ஸ். வெளியே வராந்தாவில் கணவன், அவன் தோளில் மகள், எட்டி நின்று அவனை முறைத்துக்கொண்டிருந்த மனைவியின் தங்கை. மரண வாக்குமூலம் வாங்கும்போது சொந்தக்காரர்கள் உள்ளே இருக்கக் கூடாது.

அந்த மருந்து உடனே கொல்லாது. நுரையீரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். புத்தி மட்டும் தெளிவாக இருக்கும். டாக்டரும் அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"ஏம்மா குடிச்ச?"

"தீராத வயித்து வலிம்மா."

மாஜிஸ்திரேட்டின் பேனா நின்றது. சாகிற பெண்களுக்கெல்லாம் வயிறுதான் வலிக்கிறது. ஆனால் வாயைக் கிளற அவருக்கு அதிகாரமில்லை. சொன்னதை எழுதினார். அந்த ஒரு வரி போதும், கணவன் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

கதவு திறந்தது. தோளில் மகளோடு கணவன்.

"பாப்பா அழுவுறா மேடம். அம்மாவப் பாக்கணுமாம்."

பாப்பா அழவில்லை.

"தட்டிட்டு வர மாட்டீங்களா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"அவருக்குத் தட்டிப் பழக்கமில்லம்மா." கட்டிலிலிருந்து குரல் வந்தது. "எங்க வீட்டுல உள்தாழ்ப்பாளே கிடையாது. எல்லாத்தையும் கழட்டிட்டாரு. குளிக்கிற ரூம்லகூட."

அவன் சிரித்தான். "கொழந்த உள்ள மாட்டிக்கும்னு கழட்டினேன் மேடம். இது ஒரு குத்தமா?"

"கல்யாணமான வாரமே கழட்டினீங்களே. அப்ப எந்தக் கொழந்த மாட்டிக்கப் பாத்துச்சு?"

டாக்டர் சன்னலைப் பார்த்தார். கட்டிலில் கிடந்தவள் மகளைப் பார்த்தாள். இவளும் வளர்வாள். அதே அறையில், கதவில் முதுகை முட்டுக்கொடுத்துக்கொண்டு குளிப்பாள்.

"அம்மா, நான் சொன்னத அடிச்சிட்டு வேற எழுதுவீங்களா?"

"அடிக்க முடியாது. அதுக்குக் கீழ எழுதுறேன். இவரோட வக்கீல் மேல் வரியப் புடிச்சுத்தான் தொங்குவாரு, தெரிஞ்சுக்க."

"தொங்கட்டும். பாப்பாவ என் தங்கச்சிகிட்ட குடுங்க. அப்புறம் கதவச் சாத்துங்க."

"குடுங்க சார்," என்று நர்ஸ் கையை நீட்டினாள். மாஜிஸ்திரேட் பார்த்துக்கொண்டிருந்தார். அவனால் மறுக்க முடியவில்லை. வாசலிலேயே தங்கை குழந்தையை வாங்கிக்கொண்டாள். அவன் வெளியே போனான். போகும்போது கதவை ஒரு சாண் திறந்தே விட்டான்.

தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடந்தது. அந்த வார்டில் யாரும் அதைப் போட்டதில்லை. மாஜிஸ்திரேட் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். உள்ளங்கையால் ஓங்கித் தட்டி, அவன் முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாளைப் போட்டார்.