சிவப்பு ரப்பர் பேண்ட் போட்ட கிண்ணம்

எனக்கு எல்லாமே நாறும். ஈரத் துண்டு நாறும், அவித்த முட்டை நாறும், யாராவது கை குலுக்கினால் அப்புறம் என் கையே நாறும். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை எனக்கு. நாள் முழுக்கத் துடைத்துத் துடைத்து, துடைக்காத எதைப் பார்த்தாலும் குமட்டிக்கொண்டு வரும். இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த மனைவி, சாசேஜ் தொழிற்சாலையில் இறைச்சியை முகர்ந்து பார்க்கிறவள்.

அரைத்த இறைச்சி தொட்டி தொட்டியாக வரும். ஒவ்வொன்றையும் இரண்டு பேர் முகர வேண்டும். தலையாட்டினால் தொட்டி உள்ளே போகும். கையை ஆட்டினால் குப்பைக்குப் போகும். பன்னிரண்டு வருடத்தில் அவள் மூக்கு ஒரு முறைகூடத் தவறியதில்லை. வீட்டிலும் அதுதான் சட்டம். பால், நேற்றைய சோறு, என் காலுறை, எதுவானாலும் "அம்மா மூக்குக்குக் காட்டு" என்று கொண்டுபோய் நீட்டுவோம். எதன் மேலும் தேதி எழுதி வைக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

ஐந்து வாரத்துக்கு முன் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வேலைக்குப் போனாள், யாரிடமும் சொல்லவில்லை. கூட நின்று முகரும் பெண்ணின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்து, அவள் தலையாட்டினால் இவளும் ஆட்டினாள். போன திங்கட்கிழமை அந்தப் பெண் பிரசவ விடுப்பில் போய்விட்டாள். அவள் இடத்துக்கு யாரும் வரவில்லை.

"இன்னிக்குப் பதினெட்டுத் தொட்டி. எல்லாத்துக்கும் குத்துமதிப்பாத் தலையாட்டிட்டேன்" என்று அன்று சாயந்திரம் மனைவி வந்து சொன்னாள்.

"யாருக்குத் தெரியப்போகுது? விடு, மூக்கு தானா வந்துடும்" என்றேன். ஆறுதல் சொன்னதாகத்தான் எனக்கு நினைப்பு.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலையில் அவளுக்குப் பரீட்சை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஐந்து கிண்ணங்களை மூடி வைத்து, கெட்டது எது என்று கேட்பார்கள். தவறினால் அந்த வேலை அவ்வளவுதான். தினமும் தூக்கலான வாசனைகளை முகர்ந்து பழகச் சொல்லியிருந்தார் டாக்டர். எலுமிச்சை, கிராம்பு, காப்பித்தூள் எதுவும் உள்ளே இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் பத்து வயது மகள் சுண்டு, தோழி வீட்டில் சாப்பிட்டேன் என்று கார்ன் டாக் கேட்டாள்; குச்சியில் செருகிய சாசேஜைச் சோளமாவில் முக்கிப் பொரிப்பது.

"நம்மளே முதல்லேர்ந்து செய்யலாம்" என்றாள் மனைவி. "சாசேஜையும் சேத்துத்தான். பச்சைக் கறியிலேர்ந்து எண்ணெய்ச் சட்டி வரைக்கும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாசனை இருக்குங்க. ஏதாவது ஒண்ணு எனக்கு ஏறாமலா போயிடும்?"

வியாழக்கிழமை இறைச்சியை அரைத்தாள். பூண்டும் மிளகாய்த்தூளும் உப்பும் போட்டு, கை முழங்கைவரை சிவக்கப் பிசைந்தாள். அந்தச் சத்தம் இருக்கிறதே, சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்ட சத்தம். நான் கூடத்தில் போய் உட்கார்ந்தும் கேட்டது. பிசைந்ததை ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களில் எடுத்தாள். ஒன்று பிரிட்ஜுக்குப் போனது. இன்னொன்றின் மேல் சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டு சன்னலோரம் வைத்தாள். தொழிற்சாலையில் கெட்டதற்கு அதுதான் அடையாளம். வேண்டுமென்றே கெடவிட்டு, நல்லதோடு மாற்றி மாற்றி முகர்ந்து பழகுவார்களாம். சமையலறையில் ஒரு பிணத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் குடித்தனம் நடத்தினேன்.

சனிக்கிழமை சாயந்திரம் அதன் மூடியில் ஈ மொய்த்தது. எனக்குப் பொறுக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ரப்பர் பேண்டைக் கழற்றி, கிண்ணத்தை நாலு தடவை துடைத்து பிரிட்ஜில் முன்வரிசையில் வைத்தேன். ரப்பர் பேண்டை பிரிட்ஜ் கைப்பிடியில் மாட்டினேன். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

ஞாயிறு காலையில் அவள், சாசேஜுக்கு உறையாகும் ஆட்டுக் குடல் தோலை உப்புநீரிலிருந்து எடுத்துக் குழாயில் மாட்டினாள். தண்ணீர் உள்ளே போக, அது உயிர் வந்த மாதிரி நெளிந்தது. "கொஞ்சம் பிடிங்க" என்று ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டாள். வழவழப்பு விரல் இடுக்கெல்லாம் ஏறியது.

"சன்னல்ல இருந்ததைக் கொட்டிட்டீங்களா?" என்று கேட்டாள்.

வாயைத் திறந்தால் காலைச் சாப்பாடு வெளியே வந்துவிடும். "ம்" என்றேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. ஒரே ஒரு "ம்". பிறகு அவள் பிரிட்ஜைத் திறந்து முன்னால் இருந்த கிண்ணத்தை எடுத்ததையும் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூடியைத் திறந்தால் அவளுக்கே தெரிந்துவிடும் என்று பன்னிரண்டு வருடப் பழக்கம் எனக்குச் சொல்லியது. அவளுக்குத் தெரியாது என்பது அந்த நிமிடம் என் புத்தியில் இல்லை.

புனலை வைத்து இறைச்சியைக் குடலுக்குள் அடைத்தாள். மிளகாய்த்தூள் சிவப்பில் அது நிறம் மாறியிருந்தது தெரியவில்லை. முறுக்கி முறுக்கி விரல் நீளத்துக்கு ஒன்றாகப் பிரித்தாள். வெந்நீரில் அவித்தபோது எழுந்த ஆவியில் என் கண்ணே கரித்தது.

"நாறுது" என்றேன்.

"காலையிலேர்ந்து எத்தனையாவது தடவை? தண்ணி கொதிச்சாலே நாறுதுன்னு சொல்ற ஆளு நீங்க."

"இது வேற மாதிரி நாறுது."

"குடலைப் பாத்தப்பவும் இதையேதான் சொன்னீங்க."

சொன்னேன்தான். மக்காச்சோள மாவு, மைதா, முட்டை, பால், சர்க்கரை போட்டு அவள் கரைத்த மஞ்சள் குழம்பைப் பார்த்தும் சொன்னேன். அதை ஒரு உயரமான தம்ளரில் ஊற்றி, குச்சி செருகிய சாசேஜைத் தலைகீழாக முக்கி எடுத்தாள். சளி மாதிரி ஒழுகியது. எண்ணெயில் போட்டதும் உப்பி, பொன்னிறமாகி, பார்க்க மட்டும் யோக்கியமாக இருந்தது.

சுண்டு விளையாடிவிட்டு ஓடிவந்தாள். சுடச்சுட ஒன்றை எடுத்து ஊதினாள். வாய்க்குக் கொண்டுபோனவள் நின்றுவிட்டாள்.

"அம்மா, இது என்னமோ மாதிரி வாசனை வருது."

"நீயும் அப்பாவை மாதிரி ஆரம்பிச்சுட்டியா? இங்க பாரு, எவ்வளவு நல்லாருக்கு." அவள் ஒன்றை எடுத்து அழுந்தக் கடித்தாள். மென்றாள். விழுங்கினாள். "மொறுமொறுன்னு இருக்கு. சாப்பிடு கண்ணு."

சுண்டு மறுபடியும் வாயைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் பிரிட்ஜ் கைப்பிடியில் சிவப்பு ரப்பர் பேண்ட் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் கையைத் தட்டிவிட்டேன். கார்ன் டாக் தரையில் உருண்டு இரண்டாகப் பிளந்தது. உள்ளேயிருந்து வந்த நாற்றத்தில் குழந்தை மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள். நான் பிரிட்ஜைத் திறந்து, பின்வரிசையில் இருந்த கிண்ணத்தை எடுத்து மேடையில் வைத்தேன். மூடியைத் திறந்தேன். வெறும் பூண்டு வாசனை.

மனைவி கிண்ணத்தைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். வாயில் மிச்சம் இருந்ததை மெல்லுவதை நிறுத்தினாள்.

"கொட்டிட்டேன்னு சொன்னீங்களே?"

"கொட்டலை. உள்ள வெச்சேன். ஈ மொய்ச்சுது."

திட்டுவாள் என்று நின்றேன். அவள் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் போய், தொண்டையில் விரலைவிட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, தரையில் கிடந்ததைக் குனிந்து எடுத்து மூக்கில் வைத்து இழுத்தாள். இன்னொரு முறை இழுத்தாள்.

"எப்படி நாறுது? சொல்லுங்க."

"விடு."

"சொல்லுங்கன்னா."

"அடைச்ச சாக்கடையில சர்க்கரை போட்ட மாதிரி. நாக்குல வந்து ஒட்டுது."

"இதுவே எனக்குத் தெரியல." கையில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப போன வாரம் நான் தலையாட்டின தொட்டியெல்லாம்?"

செல்போனை எடுத்தாள். அவள் மேலாளரின் பெயரைத் தேடுவது தெரிந்தது.

"இரு, அவசரப்படாதே" என்றேன். "நாளைக்கு அஞ்சு கிண்ணம்தானே? பளபளப்பைப் பாத்துச் சொல்லிடலாம். நிறத்தைப் பாத்து..."

சொல்லிக்கொண்டே இருக்கும்போது என் குரல் என் காதிலேயே விழுந்தது. இப்போதுதான் என் பெண்ணின் வாயிலிருந்து அதைத் தட்டிவிட்டேன். ஊரில் எத்தனை வாய் இருக்கிறது! குடலும் ஈயும் ஆவியும் செய்யாததை அந்தப் பேச்சு செய்தது. கழுவும் தொட்டிக்கு ஓடி வாந்தியெடுத்தேன். என்னைக் கண்டு எனக்கே அவ்வளவு அருவருப்பாக இருந்தது.

அவள் பேசிக்கொண்டிருந்தாள். "சார், போன திங்கள்லேர்ந்து நான் பாத்து விட்டது எதையும் அனுப்பாதீங்க. அனுப்பினதைத் திருப்பி வாங்கிடுங்க. இல்ல சார், உடம்பு நல்லாத்தான் இருக்கு. மூக்கு போயிடுச்சு. அஞ்சு வாரமாச்சு." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "தெரியும் சார். நாளைக்கு வந்து அடையாள அட்டையைக் குடுத்துடறேன்."

போனை வைத்துவிட்டு, பொரித்ததையெல்லாம் பையில் கொட்டிக் கட்டினாள். நான் தரையை மூன்று தடவை துடைத்தேன்.

சுண்டுவுக்குப் பசித்திருக்க வேண்டும். பிரிட்ஜிலிருந்து பாலை எடுத்துத் தம்ளரில் ஊற்றி, வழக்கம்போல அம்மா மூக்குக்கு நேராகக் கொண்டுபோய் நீட்டினாள்.

மனைவி அவள் மணிக்கட்டைப் பிடித்து என் பக்கம் திருப்பினாள். "இனிமே அப்பாகிட்ட காட்டு."

தம்ளரை வாங்கினேன். முகர்ந்தேன். எனக்குப் பால் எப்போதுமே நாறும். மறுபடியும் முகர்ந்தேன். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.