கூண்டுக் கொக்கி

மருத்துவர், அவருடைய மேசைமேல் நாக்கைத் தொங்கவிட்டபடி குண்டன், அதன் தலையைப் பிடித்துக்கொண்டு அவள், சுவரோரம் கைகட்டி நின்ற அவள் கணவன். அறையில் இருந்தது இவ்வளவு பேர்தான். தப்பு யார்மேல் என்பது எல்லோருக்கும் தெரியும், நாயைத் தவிர.

போன முறை குண்டனின் முழங்கால் மூட்டுக்கு வெளியே தடித்த நைலான் இழையைக் கட்டி, அறுந்த தசைநாரின் வேலையை அதற்குக் கொடுத்திருந்தார் மருத்துவர். உள்ளே தழும்பு இறுகும்வரை கூண்டிலேயே இருக்கட்டும் என்றார். நாய் அழுதது. அவள் கொக்கியை எடுத்துவிட்டாள். அது கட்டிலில் ஏறி அவள் காலடியில் படுத்துப் பழகியது. ஒருநாள் இறங்கக் குதித்தபோது இழை அறுந்தது.

"திரும்ப அதையே கட்டலாம். இந்த உடம்பத் தாங்கும்னு நான் சொல்லமாட்டேன்," என்றார் மருத்துவர். "இன்னொண்ணு, கீழ்க்கால் எலும்போட தலைய வெட்டித் திருப்பி, தகடு வச்சு முடுக்குறது. அதுதான் உறுதி. ஆனா ஒரு சிக்கல் இருக்கும்மா."

"என்ன டாக்டர்?"

"சீக்கிரமே கால ஊனி நடக்கும். பாத்தா சரியாயிட்ட மாதிரியே இருக்கும். எலும்பு கூடியிருக்காது. அப்ப குதிச்சுத் தகடு பிடுங்கிச்சுன்னா, அந்தக் கால என்னால காப்பாத்த முடியாது."

"முதல்ல இவ கைக்கு ஒரு தகடு வைங்க டாக்டர்," என்றான் கணவன்.

யாரும் சிரிக்கவில்லை. தகடே வைத்துவிடுங்கள் என்றாள்.

கணவன் வீட்டு முன்னறையில் மிக்சி பழுது பார்க்கிறவன். மோட்டார் இரைச்சலில் நாயின் அழுகை அவன் காதில் ஏறாது. அவளுக்கு ஏறும். அறுவை முடிந்து சில நாட்களிலேயே, அவள் வேலையிலிருந்து அலுத்துப்போய் வந்த ஒரு மாலையில், குண்டன் நாலு காலில் நின்று வாலாட்டியது. அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கொக்கியைப் பாதி தூக்கியிருந்தபோதுதான், தூக்குவது தன் கை என்று அவளுக்கு உறைத்தது.

உள்ளே போய்ப் பையில் துணிகளைத் திணித்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"அக்கா வீட்டுக்கு. எலும்பு கூடுனதும் சொல்லுங்க, வரேன்."

"நாய்க்காகப் புருஷன விட்டுட்டுப் போனான்னு ஊரே சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். இந்தாங்க, என்கிட்ட இருக்குற வீட்டுச் சாவி. நடுவுல நானே வந்து கெஞ்சுனாலும் கதவத் தெறக்காதீங்க."

அவன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டான்.

அவள் வாசலைத் தாண்டினாள். தன்னை நடக்கக் கூட்டிப்போகிறாள் என்று குண்டன் நினைத்திருக்கும். கூண்டுக் கம்பியில் அதன் வால் படபடவென்று அடித்தது. அவளுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பூட்டில் சாவி திரும்பியது.