கழுத்தில் இருந்த பச்சை

அச்சுக்கடை டிசைனர் கணினியைப் போட்டு உட்காரவும் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவன் லாரி டிரைவர். முந்தின நாள் மனைவியைப் பறிகொடுத்தவன். மற்றவன் இறந்தவளின் தம்பி. அழுது அழுது அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டா. மத்தியானம் எடுக்கறோம். தலைமாட்டுல வைக்க ஒரு படம் வேணும்," என்று டிரைவர் போனை நீட்டினான்.

போன வாரம் குழந்தையின் பிறந்தநாளில் எடுத்த படம். பச்சைத் திரைக்கு முன்னால் அவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"இந்தத் திரை வேணாம். எடுத்துட்டு வெள்ளையா போட்டுடுங்கம்மா."

சுலபமான வேலைதான். பச்சையைத் தொட்டுக் காட்டினால் அந்த நிறம் இருக்கும் இடமெல்லாம் மறைந்து, அடியில் சாம்பலும் வெள்ளையுமான கட்டங்கள் தெரியும். மடிப்புகளின் நிழலில் மட்டும் பச்சை போவேனா என்றது. மங்கலான பச்சையும் சேர்ந்து போகும்படி டிசைனர் அளவைக் கொஞ்சம் கூட்டினாள். திரை முழுசாகப் போய்விட்டது. கூடவே அந்தப் பெண்ணின் கழுத்திலும் ஓட்டைகள் விழுந்தன.

திரையின் நிறம் மேலே அடித்திருக்கும் என்று நினைத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். அப்படியென்றால் ஓரத்தில்தான் அடிக்கும். இவை நடுக்கழுத்தில் இருந்தன. ஒரு பக்கம் வரிசையாக நான்கு, மறுபக்கம் தடிமனாக ஒன்று. ஆறிவரும் கன்றலின் வெளிறிய பச்சை. வெறும் கண்ணுக்கு அது தெரிந்திருக்கவே இல்லை.

"என்ன அது?" தம்பி குனிந்தான்.

"கம்ப்யூட்டர் கோளாறுடா. அத மூடிட்டு சட்டுனு பிரிண்ட் போடுங்கம்மா," என்றான் டிரைவர்.

தம்பி டிசைனரையே பார்த்தான். "நீங்க சொல்லுங்க மேடம். கோளாறா?"

பொய் சொல்ல அவளுக்கு நாக்கு புரளவில்லை. "இல்லப்பா. அங்க தோல் கன்னிப்போயிருக்கு."

தம்பி தன் கைவிரல்களை விரித்துப் பார்த்தான். பிறகு டிரைவரின் கையைப் பார்த்தான்.

"நேத்துதானே அக்கா விழுந்தா, மாமா? இது போன வாரப் படம்."

"எழவு வீட்டுக்காரன்கிட்ட பேசுற பேச்சா இது?" என்று டிரைவர் எகிறினான். அதற்குள் தம்பி தெருவில் இறங்கிப் போனைக் காதில் வைத்துவிட்டான்.

"அம்மா, அக்காவ எடுக்க விடாதீங்க. யார் வந்து சொன்னாலும் விடாதீங்க."

போலீஸ் வந்து உடலைக் கொண்டுபோனது. அவள் விழுந்து சாகவில்லை, கழுத்து நெரிபட்டுச் செத்தாள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். டிரைவர் இப்போது சிறையில் இருக்கிறான்.

படத்தை வாங்கிக்கொள்ள இறந்தவளின் அம்மாதான் வந்தாள், பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு. படத்தை வாங்கியும் போகாமல் நின்றாள்.

"பொறந்தநாள் அன்னைக்கு அவ கழுத்துல பவுடர் போட்டுவிட்டது நான்தாம்மா. நாலு பேர் வர்ற இடமாச்சே, பார்த்தா என்ன நினைப்பாங்கன்னு..."

டிசைனர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அம்மா உட்காரவில்லை.