கொல்லைச் சட்டி

...மருந்தாம், எப்படித்தான் வாய் கூசாமல் சொல்கிறாளோ, இந்தா பொண்ணு, வெயில் ஏறதுக்குள்ள மருந்த ஆக்கி எறக்கிடு என்று, கறுப்புப் பையில் இருப்பது ஒரு கிலோ பன்றிக்கறி, தோலும் கொழுப்புமாக, இதற்குப் பெயர் மருந்து என்றால் என் அம்மா வீட்டில் நாங்கள் எல்லோரும் பிறந்ததிலிருந்தே நோயாளிகளா, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மருந்து சாப்பிட்டுத்தான் வளர்ந்தோமா... மாமியார் ராஜாம்பாளுக்கு மூலம், உட்கார முடியவில்லை, ஆஸ்பத்திரி மாத்திரை கேட்கவில்லை, வேப்பூர் வைத்தியர் மூன்று ஞாயிறு வெள்ளைப் பன்றிக்கறி சாப்பிடச் சொன்னார், சொன்ன அந்த நிமிடம் அவளும் அவள் மகனும் ஒருசேர என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், ஒன்பது வருடமாக நான் எந்த வீட்டுப் பெண் என்பதையே பேச்சில் எடுக்காதவர்கள். என் புருஷன் கார்முகில் காலையில் கறுப்புப் பையை மஞ்சள் பைக்குள் போட்டு மேலே கொத்தமல்லிக் கட்டை வைத்து மூடி வாங்கி வந்தான், கொல்லைப் பக்கமாகவே நீட்டினான், லோடு இருக்குது அன்பு, சாயந்தரம் வரேன், எங்கம்மா மருந்துன்னுதான கேக்குது, நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான், கல்யாணத்துக்கு முன்னால் கம்மாபுரத்துக்கு வந்து எங்கள் வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டாம் தடவை கேட்டு வாங்கி எலும்பை உறிஞ்சியவன், அவனுக்குத் தெரியாதா இது சோறா மருந்தா என்று, தெரியும், பயந்தாங்கொள்ளி.

சட்டி கனக்கிறது, வார்ப்பிரும்பு, கொய்யா மரத்தடியில் ஒன்பது வருடம் கோழிக்குத் தண்ணீர் வைக்கக் கிடந்தது, உள்ளே செம்மண் நிறத்தில் துரு, புளியைக் கரைத்து ஊற்றி உடைந்த பீங்கான் துண்டால் தேய்த்தேன், இந்த ஊரில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் உடைந்த பீங்கானுக்கு வராது, சூளை திறக்கிற அன்றெல்லாம் எங்கள் பீங்கான் கம்பெனியில் ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதுதான் என் வேலை, ணங்கென்றால் பெட்டிக்கு, சத்தம் செத்திருந்தால் விரிசல், குப்பைக்கு... கழுவிய சட்டியையும் கை பழக்கத்தில் தட்டிப் பார்த்தேன், ணங்கென்றது, அத்தனை மழையில் கிடந்தும். ரிஜிஸ்டர் ஆபீஸ் கல்யாணத்துக்கு எங்கள் பக்கம் யாரையும் கூப்பிடவில்லை, மறுநாள் தம்பி மதிவாணன் பைக்கில் இதைக் கட்டிக் கொண்டுவந்தான், அம்மாவின் சீர், வாசலில் நின்றே கொடுத்தான், உள்ள வாப்பா என்று ஒருவரும் சொல்லவில்லை, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான், ராஜாம்பாள் சட்டிக்குள் குனிந்து மோந்து பார்த்தாள், இதுல என்னென்ன ஆக்குனாங்களோ, கொல்லையில வையி என்றாள், வைத்தேன், ஏன் வைத்தேன், பத்தொன்பது வயது, புது வீடு, வைத்துவிட்டேன். அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் கேட்பாள், சட்டி இருக்குதா கண்ணு, இன்னிக்கி அதுல என்ன ஆக்குன, எண்ண தடவி வையி, துருப்புடிச்சிடும் என்று, நானும் ஒவ்வொரு ஞாயிறும் சொல்வேன், இருக்குதும்மா, அதுலதான் ஆக்குறேன்.

மூன்று செங்கல் அடுப்பு, கொல்லையில்தான், உள்ளே இருக்கிற கேஸ் அடுப்புக்குத் தீட்டு வந்துவிடுமே, கிளறுவதற்குக் கொட்டாங்கச்சி அகப்பை, வேலை முடிந்ததும் தூக்கி எறிய வசதி, சாப்பிட வாழையிலை, அதுவும் எறிய வசதி, எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறாள், என் கையை என்ன செய்வாளோ தெரியவில்லை. சட்டி காய்ந்ததும் கொழுப்புத் துண்டுகளை மட்டும் முதலில் போட வேண்டும், எண்ணெய் ஒரு சொட்டு வேண்டாம், அதுவே உருகி விடும், அந்த நெய்யில்தான் வெங்காயம், பூண்டு, பிறகு மஞ்சள் போட்டு அலசிய கறி, அரைத்த மிளகாய் மல்லி, கறி பாதி வெந்ததும் இரவே ஊறிய மொச்சை, தோலோடு... இவ்வளவும் கைக்கு நினைவிருக்கிறது, ஒன்பது வருடம் செய்யாத கைக்கு, வாசனை வந்ததும் எனக்கு அழுகை வந்தது, புகை என்று சொல்லிக்கொண்டேன். அழக் கூடாது, இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும், இன்றைக்கு விட்டால் முடியாது, ஆவணியில் இனியாவுக்குக் காதுகுத்து, ஏழு வயதாகிவிட்டது, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், தாய்மாமன் குத்துக்கல்லாக இருக்கிறான், முப்பது கிலோமீட்டர்கூட இல்லை, மாமியாரோ தூரத்துச் சொந்தம் கோதண்டபாணியை மாமன் முறைக்கு உட்காரச் சொல்லி வெற்றிலை பாக்கு வரைக்கும் பேசி வைத்திருக்கிறாள், வேப்பூர் பக்கம் மங்களூரிலிருந்து வருவாராம், மீசை வைத்த கிழவர், என் மகளை அவர் ஒரு தடவை பார்த்ததுகூட இல்லை. மதிவாணன் மட்டும் என்ன, பஸ் ஸ்டாண்டில்தான் பார்த்திருக்கிறான், அம்மாவும் அவனும் வருவார்கள், பிஸ்கட்டும் கொய்யாப்பழமும் கொடுப்பார்கள், அடுத்த பஸ்ஸில் போய்விடுவார்கள். ஒரு வாய் என் கையால் ராஜாம்பாள் சாப்பிடட்டும், இரண்டாம் வாய்க்கு இலையில் ஊற்றும்போது கேட்பேன், அத்த, எந்தம்பி மடியிலதான் எம்பொண்ணு உக்காரணும்... இதை நேற்று சூளையடியில் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன், ஒவ்வொரு கட்டையைத் தட்டும்போதும் ஒரு தடவை.

கொல்லையிலேயே பலகை போட்டு, பலகைமேல் தலையணை போட்டு உட்கார்ந்தாள், முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் முதல் வாய் எடுத்தாள், பிறகு சுளிப்பு எங்கே போனதோ, மொச்சையைப் பிதுக்கிப் பிதுக்கித் தின்றாள், சாற்றை இலையில் ஓட விடாமல் சோற்றால் அணை கட்டினாள், நெற்றி வியர்த்தது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஏன் சந்தோஷப்பட வேண்டும், வெட்கமில்லாத மனசு, இவள் நன்றாயிருக்குது என்று ஒரு சொல் சொல்லிவிட மாட்டாளா என்று நாய்போல அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னும் கொஞ்சம் ஊத்து என்றாள். இதோ, இதுதான் நேரம், அகப்பையில் மொண்டேன், அத்த என்று வாயைத் திறந்தேன், அப்போதுதானா இனியா வர வேண்டும், மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி, அம்மா செம வாசன, இது என்ன கறி, எனக்கும் போடும்மா என்று. ராஜாம்பாள் கை இலையில் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, கெஞ்சலா அது, அவள் கெஞ்சி நான் பார்த்ததில்லை, அதனால் தெரியவில்லை. சொல்லியிருக்கலாம், இது பன்றிக்கறி கண்ணு, கம்மாபுரத்து ஆயா ஆக்கும், உங்கம்மா தின்னு வளர்ந்தது, உட்காரு, நீயும் தின்னு, எவ்வளவு சின்ன வாக்கியம்... அது ஆயாவுக்கு மருந்துடி, நீ தொடக் கூடாது, கை வெச்சிடாத, போ உள்ள, என்றேன். என் குரல்தான். ராஜாம்பாளின் ராகம்கூட அப்படியே இருந்தது. பிள்ளை போய்விட்டாள். ராஜாம்பாள் மூச்சை விட்டுவிட்டு மறுபடி பிசைந்தாள், இரண்டு வாய் தின்றாள், பிறகு தலையை நிமிர்த்தாமலே, காதுகுத்துக்கு உந்தம்பிய வரச் சொல்லு அன்பு, அவன் மடியிலயே உக்கார வெச்சிக்கலாம், கோதண்டபாணிகிட்ட நான் சொல்லிக்கிறேன் என்றாள்.

அன்பு என்றாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. நான் கேட்கவே இல்லை, கேட்காமலே கிடைத்துவிட்டது, எதற்குக் கிடைத்தது என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். இலையைக் குழியில் போட்டேன், அகப்பையை எறிந்தேன், சட்டியைத் தேய்த்து எண்ணெய் தடவினேன், நிமிர்ந்து பார்த்தால் கொய்யா மரத்தடியில் நிற்கிறேன், சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன், இன்றைக்கு யாரும் என்னை அங்கே வைக்கச் சொல்லவில்லையே, உள்ளே கொண்டுபோயிருந்தால் இன்றைக்கு ஒரு நாள் அவளால் வாய் திறந்திருக்க முடியுமா... திரும்ப எடுக்கக் குனியவும் இல்லை. சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினேன், பிறகுதான் கொல்லைக் கதவைத் தொட்டேன். சந்தோஷமான செய்தி, உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும், மதிவாணன் குதிப்பான், மருமகளுக்குக் கம்மல் எடுக்க இன்றைக்கே கடைவீதிக்கு ஓடுவான், போனை எடுத்தேன். இனியா வந்து மடியில் சாய்ந்துகொண்டாள், கம்மாபுரம் ஆயாவா, ஸ்பீக்கர்ல போடும்மா என்று அவளே விரலால் அழுத்திவிட்டாள், காதைத் தீட்டிக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள். ரிங் போகிறது. அம்மா எடுத்துவிட்டாள், பின்னால் தாளிக்கிற சத்தம் கேட்கிறது, ஞாயிற்றுக்கிழமை அல்லவா, எப்போதும் கேட்பதைத்தான் கேட்கிறாள், கண்ணு, இன்னிக்கி நம்ம சட்டியில என்ன ஆக்குன?