மாமா குடித்த பாட்டில்

என் கட்சிக்காரி செர்வாவின் மகனை லீவுக்கென்று ஹாம்பர்க் கூட்டிப்போன புருஷன் திருப்பி அனுப்பவில்லை. கல்யாணம் முறிந்துவிட்டது, பையன் தனக்குத்தான், அவள் குடும்பமே மது பாட்டில் வாங்கிக்கொண்டு சம்மதித்தது என்று அந்த ஊர்க் கோர்ட்டில் சொல்லிவிட்டான்.

கானா நாட்டில், குமாசியில் என் ஆபீசில் உட்கார்ந்து அவளுடைய மாமா தலையைச் சொறிந்தார். "ஆமா வக்கீலம்மா, மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க ஒரு பாட்டில் ஜின் கொண்டுவந்தாங்க. வாங்கிக்கிட்டேன்."

"பாட்டிலை வாங்கிட்டா, கொண்டுவந்தவங்க சொல்றதுக்குச் சம்மதம்னு அர்த்தம். என்ன விஷயம்னு கேக்காம பாட்டிலைத் தொடக்கூடாதுன்னு நம்ம ஊர்ல யாருக்குத் தெரியாது? கேட்டீங்களா?"

"கேட்டேன். சொன்னாங்க. நான் பாட்டிலையே பாத்துட்டிருந்தேன், காதுல விழல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வேற பாட்டில் வாங்கித் திருப்பிக் குடுத்துட்டா சரியாயிடுமா?" என்றார்.

பக்கத்து நாற்காலியிலிருந்து செர்வா எழுந்தாள். "நீங்க குடிச்சது என் புள்ளைய, மாமா. அவனைத் திருப்பிக் குடுங்க."