டப்பாவுக்குள் காய்ச்சல்

"சூடு ஏறினா ஃபேன் ஓடணும்னு வச்சிருந்தேன், ஓடிச்சு, அதுல என்ன தப்பு—"

"காளானைத் தொட்டுப் பாருடா! சருகா நொறுங்குது, தப்பா சரியான்னு எங்கிட்டயே—"

"சொல்ல விடுக்கா! போன்ல கிராஃப் கோடெல்லாம் சரியாத்தான்—"

"அந்தக் கோட்டையே கூடையில அள்ளிட்டுப் போய் வித்துட்டு வா!"

காளான் அறை வாசலில் அக்கா மூச்சு வாங்க நின்றாள். உள்ளே வரிசையாகத் தொங்கிய வைக்கோல் பைகளில், அவள் கிளம்பும்போது மொட்டு விட்டிருந்ததெல்லாம் பழுப்பேறிச் சுருங்கிக் கிடந்தது.

மகளுக்கு வயிற்றைக் கிழித்துப் பிரசவம். துணைக்குப் போக வேண்டியிருந்தது. "காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை எட்டிப் பார்த்துத் தண்ணி தெளிடா" என்றுதான் தம்பியிடம் சொன்னாள். வீட்டில் அவனுக்கு 'விஞ்ஞானி' என்று பெயர். விஞ்ஞானி கையால் தண்ணீர் தெளிப்பானா? தெளிப்பானும் ஃபேனும் தானாக ஓட, உள்ளங்கை அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினான். அதற்கு மெமரி கார்டு, சார்ஜர், குட்டித் திரை, கண்ணாடி மாதிரி ஒரு டப்பா என்று கல்யாணச் சீர்போல் பார்சல் பார்சலாக வந்து இறங்கியது. "நீ நிம்மதியாப் போக்கா, எல்லாத்தையும் இது பார்த்துக்கும்" என்றான். நம்பிப் போனாள். இன்று மாற்றுத்துணி எடுக்க வந்த இடத்தில் இந்தக் கோலம்.

"முப்பத்தெட்டு டிகிரி காட்டுது பாரு" என்று சுவரிலிருந்த திரையைக் காட்டினான்.

"எனக்குக் குளிருல உடம்பு சிலிர்க்குது. உனக்கு இந்த ரூம் கொதிக்குதா?"

அக்கா, கம்ப்யூட்டரை அடைத்திருந்த டப்பாவின் மேல் கையை வைத்தாள். ஜுரம் கண்ட பிள்ளையின் நெற்றிபோல் சுட்டது.

"சூடு பார்க்கிற சாமான் எங்கடா இருக்கு?"

"சென்சாரா? உள்ளதான். ஒயர் வெளிய தொங்கினா அசிங்கமா இருக்குமேன்னு கம்ப்யூட்டர் பக்கத்துலயே அழகா ஒட்டி..." வாய் பாதியில் நின்றது. முகம் செத்தது.

"ஆக, அது தன் காய்ச்சலைத் தானே அளந்துக்கிட்டு இருந்திருக்கு. அதுக்குக் காய்ச்சல் அடிச்சா என் காளான் காயற வரைக்கும் விசிறி விடுவியா?"

போன் அடித்தது. மகள்.

"எப்பம்மா வர்றே? எழுந்து உட்காரக்கூட முடியல. குழந்தை வேற அழுதுட்டே இருக்கு."

அக்கா பைகளைப் பார்த்தாள். அடிவரிசையில் கொஞ்சம் உயிர் இருந்தது. இப்போதே நனைத்துவிட்டுக் கூடவே இருந்தால் தேறும்.

"இன்னிக்கு வர முடியாதுடா கண்ணு."

அந்தப் பக்கம் மகள் போனை வைத்துவிட்டாள்.

"நீ போக்கா," தம்பி குரலை இறக்கினான். "நீளமா ஒரு ஒயர் வாங்கி சென்சாரை வெளிய எடுத்துட்டாத் தீர்ந்தது. இப்பவே ஆர்டர் போட்டுடறேன், நாளைக்கு வந்துடும்."

அவன் விரல் அதற்குள் போனைத் தடவத் தொடங்கியிருந்தது.

"இத்தனை நாளும் சுவருக்கு அந்தப் பக்கம்தானேடா உட்கார்ந்திருந்தே. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இந்தக் கதவைத் திறந்து பார்த்தியா?"